குழாய்க்குள் டொபேகோ

என் அத்தான் டெக்ஸ்டர் ஜக்ரூப் கூவா என்னும் ஊரில் ஓர் ஆரம்பப் பள்ளியின் துணைத் தலைமை ஆசிரியர். வயது நாற்பத்தாறு. தினமும் காலை வழிபாட்டில் இருநூற்று எண்பது பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்து, சத்தம் போடுவது மூளை இல்லாதவர்களின் வேலை என்று கால் மணி நேரம் பேசுவார். அதே மனிதர், போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால், ஐந்து வாரம் ஊரையே கூட்டும்படி ஊளையிடும் காரில் பள்ளிக்குப் போய் வந்தார்.

கார் சாம்பல் நிறம். ஜப்பானில் யாரோ ஆறு வருடம் ஓட்டிவிட்டுத் தள்ளிவிட்ட டர்போ. கப்பலில் வந்து இறங்கியபோது நன்றாகத்தான் ஓடியது. என் அக்கா வஷ்டிக்கு அது பிடித்திருந்தது; பின் சீட்டில் மடிப்பு நாற்காலி நான்கு வைக்க இடம் இருந்தது. அத்தானுக்கும் பிடித்துத்தான் இருந்தது, பூஸ்ட் பிரதர்ஸ் கண்ணில் படும்வரை.

பூஸ்ட் பிரதர்ஸ் என்பது ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்து ஓரம் கூடும் கார்ப் பிரியர்களின் சங்கம். பத்துப் பதினைந்து கார்கள் வரிசையாக நிற்கும். எல்லாவற்றின் போனட்டும் திறந்திருக்கும். இழவு வீட்டில் பெட்டிக்குள் எட்டிப் பார்ப்பது போல ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து, தலையாட்டி, அடுத்ததற்கு நகர்வார்கள். அத்தான் போன முதல் ஞாயிறு, உதிரிபாகம் விற்கும் ரியாட் அவருடைய இன்ஜினைப் பார்த்தான். ஏர் ஃபில்டர் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பாவை விரலால் தட்டினான்.

"சார், இந்த டப்பா வழியா உங்க டர்போ காத்து இழுக்கறது, ஸ்ட்ரா வச்சு பெலாவ் சோறு சாப்பிடற மாதிரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கணினியைத் திறந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மூன்று வாரத்தில் மயாமியிலிருந்து பெட்டி வந்தது. உள்ளே, கார்னிவல் தொப்பி மாதிரி கூம்பாக ஒரு சிவப்பு ஃபில்டர், பளபளவென்று முகம் பார்க்கும்படி ஓர் அலுமினியக் குழாய், நான்கு கிளாம்ப், ஒரு ஸ்டிக்கர். டப்பா கிப்பா எதுவும் இல்லை. இன்ஜினுக்குப் பக்கத்தில் ஃபில்டர் அப்படியே திறந்தவெளியில் உட்கார்ந்திருக்கும். வேண்டிய காற்றை வேண்டிய அளவு குடிக்கும். இருபது குதிரைச் சக்தி கூடும் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. அத்தான் குழாயையும் ஃபில்டரையும் சாப்பாட்டு மேசையின் நடுவில் நான்கு நாள் வைத்திருந்தார். பூ வைக்கிற ஜாடியா என்று அக்கா கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே, வேலை தொடங்கியது. நான் உதவிக்கு. கூவாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் நிற்கிறவன் நான், பெயர் சுருஜ். திருகாணிக்கும் ஆணிக்கும் வித்தியாசம் தெரியும் என்பதால் குடும்பத்தில் எனக்கு இன்ஜினியர் மரியாதை. அத்தான் செய்முறைத் தாளை டிக்டேஷன் போடுவது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். காற்றை அளக்கும் சென்சாரை, குழந்தைக்குத் தடுப்பூசி போடும் பதற்றத்தோடு, பழைய டப்பாவிலிருந்து எடுத்துப் புதுக் குழாயில் மாட்டினோம். கறுப்பு டப்பாவைப் பிடுங்கியபோது அத்தானின் கட்டைவிரல் நகம் பாதி போயிற்று. அவர் அதையும் ஒரு முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டார்.

டப்பா போனதும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவுக்குப் போகும் வளைந்த ரப்பர் குழாய் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குள் ஒரு திருகாணி விழுந்தால் டர்போ செத்தது. சுத்தமான துணியை அடைத்து வைத்துக்கொண்டுதான் வேலை பார்க்க வேண்டும் என்று அவர் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். சரியான புத்திமதிதான். அக்காவிடம் துணி கேட்டால் எதற்கு என்று கேட்பாள், எனவே சமையலறை ஆணியில் தொங்குகிற துண்டைச் சத்தமில்லாமல் எடுத்து வா என்றார். எடுத்து வந்தேன். கல்யாண நாளுக்கு அவர்கள் பக்கத்துத் தீவான டொபேகோ போனபோது வாங்கிய துண்டு. தீவின் வரைபடம், நான்கு மூலையிலும் பறவை, மாட்டுவதற்கு ஒரு நாடா வளையம். அத்தான் அதைச் சுருட்டிக் குழாய்க்குள் திணித்து, போதாதென்று ஸ்க்ரூடிரைவர் பிடியால் குத்தி உள்ளே தள்ளினார்.

அந்த நேரத்தில் அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். தால்பூரி ரொட்டி, ஆட்டுக்கறி, மாங்காய்த் தொக்கு. சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தோம். எழுந்து வந்து, புதுக் குழாயை ரப்பர் குழாயோடு சேர்த்து, கிளாம்பை முறுக்கி, சிவப்பு ஃபில்டரை மாட்டி, ஸ்டிக்கரை ஒட்டினோம்.

துண்டு உள்ளேயே இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்துவிட்டது, எங்களுக்குத் தெரிய ஐந்து வாரம் பிடித்தது. அந்த ரப்பர் குழாயின் உட்பக்கத்தில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். துண்டின் நாடா வளையம் அதில் மாட்டிக்கொண்டது. சமையலறை ஆணியில் தொங்கிய மாதிரியே, டர்போவின் வாய்க்கு நேரே டொபேகோ தொங்கியது.

இன்ஜினை ஓடவிட்டபோது ஒன்றும் தெரியவில்லை. தெருவுக்கு வந்து அத்தான் காலை அழுத்தினார். அப்போதுதான் அது கிளம்பியது. வடக்கு மலைக் காட்டில் விடியற்காலையில் ஊளைக் குரங்குகள் கத்துமே, அப்படி. அடியில் ஒரு கனத்த முனகல், அதன்மேல் ஏறி ஏறிப் போகும் ஓர் ஊளை. பக்கத்து வீட்டு பூடுவின் மூன்று நாய்களும் பதில் கொடுத்தன. அத்தான் கண்கள் கலங்கிவிட்டன.

"முதுகுல கை வச்சுத் தள்ளற மாதிரி இல்ல மச்சான்?" என்றார்.

இளநீர் ஏற்றிய ஒரு பழைய வண்டி அப்போது எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் ஆமாம் என்றேன். பதினெட்டு வருடத்தில் அந்த மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அவர் கல்யாணப் படத்தில்கூட இப்படி இல்லை. இளநீர் வண்டியைப் பற்றி அவரே விளக்கம் சொன்னார். தான் இன்னும் முழுதாக அழுத்தவில்லையாம், புதுக் காற்றுக்கு இன்ஜின் பழக வேண்டுமாம்.

புதன்கிழமைகளில் காரை அக்கா எடுத்துக்கொண்டு போவாள். சான் ஃபெர்னாண்டோவில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசை வேலை. அந்தப் புதன் மாலை அவள் திரும்பி வந்து சாவியை மேசையில் போட்டாள். மேட்டுத் தெருவில் ஏறும்போது நடந்து போன ஒரு பாட்டி தன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்றாள்.

"இது போகல. கத்துது, அவ்ளோதான்."

"உனக்கு டர்போ ஓட்டத் தெரியல. அது யோசிச்சுத்தான் ஓடும்," என்றார் அத்தான்.

"பதினெட்டு வருஷமா யோசிச்சு ஓடற ஆளோடதான் குடும்பம் நடத்தறேன். எனக்கா தெரியாது?"

பெட்ரோல் முள்ளும் முன்னைவிட வேகமாக இறங்குகிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள். சக்தி அதிகமானால் பசியும் அதிகமாகத்தான் இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்கும் பிள்ளைகளை உட்காரச் சொல்லும் அதே குரல்.

மைதானத்தில் கதை வேறு. அதுவரை பூஸ்ட் பிரதர்ஸ் அவரை 'சார்' என்று கூப்பிட்டது, தப்பித்து வந்த பள்ளிக்கூடம் மறுபடி துரத்தி வந்துவிட்டதே என்ற எரிச்சலோடு. புதுச் சத்தத்தோடு அவர் நுழைந்த ஞாயிறு, எல்லாத் தலையும் திரும்பியது. கொண்டைக்கடலைக் கறி வைத்த டபுள்ஸ் ரொட்டி வாங்க நின்ற வரிசையே கலைந்தது. காகிதத்தில் கடலை ஒழுக ஒழுகப் பிடித்தபடி ஓடி வந்தார்கள். ரியாட் போனட்டைத் திறந்து பார்த்தான். தான் விற்கிற அதே சிவப்பு ஃபில்டர்தான். இந்தத் தீவில் ஐம்பது பேர் மாட்டியிருக்கிறார்கள், ஒன்றுகூட இப்படிப் பாடவில்லை. எப்படி என்று கேட்டான்.

அத்தானுக்கு எப்படி என்று தெரியாது. தெரியாது என்று சொல்ல ஆசிரியர் பயிற்சியில் அவருக்குக் கற்றுத் தரவில்லை. பொருத்துகிற கோணத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்றார்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அடுத்த நான்கு ஞாயிறும் அவர் மற்றவர்களின் நான்கு கார்களில் கோணம் வைத்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, கிளாம்பைக் கால் சுற்று முறுக்கி, பின்வாங்கிப் பார்த்து, அரைக்கால் சுற்றுத் தளர்த்துவார். நான்கு கார்களும் ஊமையாகவே இருந்தன. ஒன்றுக்கு எண்ணெய் சரியில்லை என்றார். இன்னொன்றின் இன்ஜினுக்குக் கூச்ச சுபாவம் என்றார். சுண்ணாம்பு ஆலையில் வேலை செய்யும் கெர்வின் என்பவன் மூன்று முறை கழற்றி மாட்டிக்கொண்டு போனான். மூன்றாவது முறை லேசாகக் கேட்கிறது என்று தானே சொல்லிவிட்டுக் கண் கலங்கினான். சங்கம் அத்தானைத் தொழில்நுட்ப ஆலோசகர் ஆக்கியது. பெயர் பொறித்த பேட்ஜ் அடித்துக் கொடுத்தார்கள். அதை அவர் பள்ளி ஆசிரியர் அறையிலும் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று கேள்வி.

ஐந்து வாரத்தில் ஒருவர்கூட கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சத்தம் அவ்வளவு வேகமாக இருந்தது.

கடிகாரம் ஆறாவது ஞாயிறு வந்தது. கிழக்கே, யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுபாதையில் சோதனை ஓட்டம். இரண்டிரண்டு கார்களாக விட்டு, கால் மைல் தூரத்துக்கு நேரம் பார்ப்பார்கள். அத்தான் பேட்ஜோடு வந்தார். அக்கா பெரிய பாத்திரத்தில் பெலாவ் செய்து எடுத்து வந்தாள். நானும் போனேன்.

அத்தானோடு ஓட வேண்டியவன் வரவில்லை. மைக் பிடித்திருந்தவன் சுற்றிலும் பார்த்தான். கார்களைச் சரிபார்க்கும் மெக்கானிக் லின்டனுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க அவனுடைய அக்கா வந்திருந்தாள். ஆல்தியா பான்டின், பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். அவள் காரும் அத்தான் காரும் ஒரே மாடல், ஒரே வருடம். அவளுடையதில் கறுப்பு டப்பா முதற்கொண்டு எல்லாம் கம்பெனி போட்டது போட்டபடி. பின் கண்ணாடியில் ஒரு பொம்மை கரடி. சும்மா ஒரு ஓட்டம் ஓடுங்கள் சிஸ்டர் என்று மைக்காரன் கேட்டான். ஒரு பெண்மணியை இத்தனை பேர் முன்னால் சங்கடப்படுத்த வேண்டாம் என்று அத்தான் மறுத்தார்.

"எனக்கு ஒண்ணும் சங்கடம் இல்ல சார்," என்றாள் அவள். "வெளி கேட்டுக்குப் போற வழிதானே."

செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்தாள்.

விளக்கு பச்சைக்கு மாறியது. அத்தானின் கார் எழுப்பிய ஊளையில் ஓடுபாதை ஓரத்துப் புதரிலிருந்து பறவைகள் கிளம்பின. கூட்டம் கைதட்டியது. கைதட்டி முடித்துத்தான் பார்த்தார்கள்: நர்ஸின் கார் சத்தமே போடாமல் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் நான்கு கார் நீளம். முடிவில் எட்டோ ஒன்பதோ. அவள் கோட்டைத் தாண்டி, வேகம் குறைத்து, கரடி ஆட ஆடத் திரும்பிவிட்டாள். மைக்காரன், துணைத் தலைமை ஆசிரியர் வந்துகொண்டிருக்கிறார், தயவு செய்து பொறுமை காக்கவும் என்றான்.

அத்தான் திரும்பி வந்தபோது மீட்டர் பலகையில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காரணங்களும் வந்தன. எதிர்க்காற்று, பெட்ரோல் பங்கில் தண்ணீர் கலந்திருக்கிறார்கள், தன் பக்கத்துத் தார் சூடு. எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். நர்ஸ் மட்டும் அந்தக் காரை விட்டு நகரவில்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு, இன்னொரு தடவை காலை அழுத்துங்கள் என்று கேட்டாள். அத்தான் பெருமையோடு அழுத்தினார். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இந்தச் சத்தம் எப்பலருந்து சார்?"

"அது டர்போவோட குரல் சிஸ்டர். பொருத்துற கோணத்துல வர்றது."

"உள்ள இழுக்கும்போதுதான் கத்துது. காலை எடுத்தா நின்னுடுது. பிள்ளைங்க பாசிமணிய முழுங்கிட்டு வந்தா மூச்ச இப்படித்தான் இழுக்கும். இதுக்குத் தொண்டைல ஏதோ இருக்கு."

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது: ஆணி, துண்டு, ஸ்க்ரூடிரைவர் பிடி, தால்பூரி. நான் வாயைத் திறக்கவில்லை. அது தைரியமான செயல் இல்லை, தெரியும். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் தள்ளி நின்றேன்.

குழாயைத் திறந்து பார்க்கலாமே என்றான் லின்டன். கூடவே கூடாது, கோணம் கலைந்துவிடும் என்றார் அத்தான். போனட் மேல் கையை வேறு வைத்துக்கொண்டார். அப்போது அக்கா வந்தாள். பெலாவ் கரண்டி கையிலேயே இருந்தது.

"திற, லின்டன்."

லின்டன் தயங்கினான். கார் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டான்.

"என் பேர்லதான்," என்றாள் அக்கா.

அத்தான் கையை எடுத்தார்.

கிளாம்ப் கழன்றது, பளபளப்புக் குழாய் விலகியது. லின்டன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போய் நீளமூக்குக் குறடு எடுத்து வந்தான். முதலில் ஒரு பறவையின் வால் வந்தது. பிறகு பறவை. பிறகு, எண்ணெயும் புழுதியுமாக, அங்குலம் அங்குலமாக டொபேகோ. தீவின் தெற்குக் கரை முழுக்க நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. டர்போவுக்குள் சுழலும் சக்கரம் அதை மேய்ந்திருக்கிறது. இன்னும் ஒரு விரல் நீளம் உள்ளே போயிருந்தால் துண்டின் மிச்சத்தையும் நொறுங்கிய சக்கரத்தையும் சேர்த்து அள்ள வேண்டியிருந்திருக்கும் என்றான் லின்டன்.

"இது என் சமையல் துண்டு," என்றாள் அக்கா.

மைக் திறந்தே இருந்தது. அந்த வாக்கியம் ஓடுபாதை முழுக்க ஒலித்தது. பிறகு சிரிப்பு. ஓடுபாதையின் அந்தக் கோடியில் இருந்தவர்கள் என்ன என்று தெரியாமலே சிரித்தார்கள். ரியாட் தரையில் உட்கார்ந்துவிட்டான். அத்தான் மட்டும் நடுவில், பேட்ஜோடு, காதெல்லாம் சிவந்து நின்றார். என் மனம் கொஞ்சம் கஷ்டப்பட்டது. இப்போதாவது ஒரு வார்த்தை, மறந்துட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் தோளில் தட்டி பெலாவ் சாப்பிடப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன்.

கெர்வின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் சிரிக்கவில்லை. துண்டை இரண்டு விரலால் தடவிப் பார்த்தான்.

"சார், இது பருத்தியா, பாலியஸ்டரா?"

அத்தான் அவனைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

"பருத்தி," என்றார்.

அதற்குப் பிறகு நான் அவருக்காக வருத்தப்படவில்லை.

குழாயை மூடியபின் இன்னொரு ஓட்டம் வேண்டும் என்று அவரே கேட்டார். தடை போய்விட்டது, இனி அந்த இருபது குதிரையும் வெளியே வரும் என்றார். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். சரி, ஒரே ஒரு தடவை என்றாள். இந்த முறை அத்தானின் கார் உண்மையிலேயே பாய்ந்தது. ஊளை இல்லை, இரைச்சலாக ஒரு காற்று மட்டும். கூட்டமும் அவருக்காகக் கத்தியது. சிரித்து முடித்தவர்களுக்கு மனசு இளகியிருந்தது. நர்ஸ் ஒன்றரைக் கார் நீளத்தில் ஜெயித்தாள்.

லின்டன் போனட்டைத் திறந்து, சிவப்பு ஃபில்டரின் மேல் அத்தானின் உள்ளங்கையைப் பிடித்து வைத்தான். அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இன்ஜின் சூட்டை எல்லாம் இதுதான் குடிக்கிறது, அந்தக் கறுப்பு டப்பா முன் விளக்குக்குப் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும், அதுதான் வித்தியாசம் என்று விளக்கினான்.

"ஜப்பான்காரன் அந்த டப்பாவ வேலையில்லாம வைக்கல சார். டர்போவுக்குக் குளிர்ந்த காத்துதான் வேணும். சிவப்புக் கலர் இல்ல."

திரும்பும்போது அக்காதான் ஓட்டினாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். சாகுவானஸ் தாண்டியதும், பின்னால் திரும்பாமலே, முதல் நாள் முதுகில் தள்ளியதா இல்லையா, உண்மையைச் சொல் என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். பின்னே ஏன் ஆமாம் என்றாய் என்றார். நீங்கள் சந்தோஷமாக இருந்தீர்கள் என்றேன். அவர் மறுபடி கரும்புக் காட்டைப் பார்த்தார். எனக்குக்கூட, இந்த மனிதர் எதையோ புரிந்துகொண்டுவிட்டார் என்று தோன்றியது. திங்கட்கிழமை பள்ளியில் அவர் சொன்ன கதையில் துண்டை உள்ளே விட்டவன் அவர் மச்சான்.

கதை யாரிடமும் நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை வழிபாட்டில் அவர் சத்தத்தைப் பற்றி ஆரம்பித்ததும், ஐந்தாம் வகுப்புக் கடைசி வரிசையிலிருந்து மெல்லிசாக ஓர் ஊளை கிளம்பியது. யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. புதன்கிழமை மூன்று வரிசையிலிருந்து வந்தது. இப்போது வழிபாடு ஐந்து நிமிடத்தில் முடிகிறது. மற்ற ஆசிரியர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு கேக் கொடுத்தனுப்பினார்கள், என்ன விசேஷம் என்று சொல்லாமல்.

கெர்வின் பருத்தித் துண்டு வாங்கினான். கம்பி போட்டுக் கட்டி, அளவாகத் தொங்கவிட்டு, அடுத்த ஞாயிறு ஊளையோடு மைதானத்துக்குள் வந்தான். அதற்கு அடுத்த ஞாயிறு இன்னும் மூன்று கார். ரியாட் கடையில் துண்டும் கம்பியும் சேர்த்து உறையில் போட்டு விற்கிறான். உறையின் மேல் அத்தானின் குடும்பப் பெயர் இருக்கிறது. அத்தான் அதைத் தடுக்கவில்லை. கெர்வினின் கம்பி இரண்டாவது வாரத்திலேயே அறுந்தது. டர்போ துண்டை விழுங்கிச் சக்கரம் நொறுங்கி, அவன் இப்போது ஆள் ஏற்றும் மாக்ஸி வேனில் ஏறி வேலைக்குப் போகிறான். அந்த இரண்டு வாரத்துக்கு எதையும் கொடுக்கலாம் என்று என்னிடம் சொன்னான். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை.

கறுப்பு டப்பாவை அக்காவும் நானும் ஒரு விடுமுறை நாளில் திரும்ப மாட்டினோம். அரை மணி நேரம் ஆயிற்று. மஞ்சள் விளக்கு அணைந்தது. அவள் தெருக்கோடி வரை போய் வந்து, இன்னொரு தடவை போனாள். பிறகு மூன்றாவது தடவை. இறங்கியபோது அவள் முகத்தைப் பார்த்து, அடுத்த சோதனை ஓட்டம் எப்போது என்று அவள் கேட்பதற்கு முன்பே நான் தேதியைச் சொன்னேன்.

அந்த ஞாயிறு படிவத்தை நிரப்ப அத்தான் முந்திக்கொண்டார். ஓட்டுநர் என்ற இடத்தில் வஷ்டி ஜக்ரூப் என்று எழுதினார். கீழே உடன் வருபவர் என்று ஒரு கட்டம். அதில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் தொழில்நுட்ப ஆலோசகர் என்றும் எழுதினார். அக்கா பேனாவை வாங்கி, ஆலோசகரை அடித்துவிட்டு, கணவர் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் வாதாடவில்லை. மடிப்பு நாற்காலிகளை இறக்கி வைத்துவிட்டு, வேலி ஓரம் போய் நின்றுகொண்டார்.

நர்ஸ் ஆல்தியாவுக்கு அன்று விடுமுறை. இந்த முறை ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இரண்டு கார்களும் கோட்டில் நின்றன. ஒன்றிலிருந்தும் சொல்லிக்கொள்ளும்படி சத்தம் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் டபுள்ஸ் வாங்கப் போய்விட்டார்கள். அக்கா முன்னால் கிளம்பி, முக்கால் தூரம் வரை முன்னாலேயே இருந்து, கடைசியில் ஒரு முழம் பின்தங்கித் தோற்றாள். திரும்பி வந்து இறங்கியவள், கியரை மாற்றும்போது கொஞ்சம் தாமதித்துவிட்டேன், வேறொன்றும் இல்லை என்றாள். இரண்டு பெண்களும் போனட் மேல் காகிதத்தை விரித்து, கையெல்லாம் கடலை ஒழுக, எந்த இடத்தில் கியர் மாற்றியிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மதியம் இன்னொரு ஓட்டம் இருக்கிறது என்று மைக்காரன் அறிவித்தான்.